யோகன் விட்டுப்போன சாவிக் கொத்து

செய்தி வந்தபோது என் கையில் பாதி வெட்டிய சாவி ஒன்று இருந்தது. அலுமாரிச் சாவி. போனை எடுத்தேன். யோகனின் மனைவி மல்லிகா தங்கச்சி, அண்ணன் முறைக்கு என்னைக் கூப்பிடும் "நானா" என்ற சொல்லை மட்டும் சொன்னாள். நான் "எப்ப?" என்று கேட்டேன். "இப்பதான்" என்றாள். சாவி வெட்டும் மெசினை நிறுத்த நான் மறந்துபோனேன். திரும்பிப் பார்த்தபோது சாவியில் ஒரு பல்லும் மிச்சமில்லை, வழுவழுவென்று கரண்டிக் காம்புபோல் ஆகியிருந்தது. கடையைப் பூட்டிக்கொண்டு யோகனின் ஊரான கட்டைபறிச்சானுக்குப் புறப்பட்டேன். கிண்ணியாப் பாலத்தைக் கடந்தது எனக்கு நினைவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொல்லி மல்லிகா கேட்டபோது பயந்துவிட்டேன். நான் ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மீன் பிடிக்கப் போனவன். "நீங்கள் கதைக்கிற மாதிரி எழுதுங்கோ, பிழையை நான் பாக்கிறன்" என்றாள். அதனால் எழுதுகிறேன். யோகநாதன் என்னைவிட ஆறு வயது இளையவன். அவனை அவன் என்றே எழுதுகிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் என்று எழுதினால் வேறு யாரோ போய்விட்டதுபோல் இருக்கிறது.

திருகோணமலை பஸ் நிலையத்துக்கும் சந்தைக்கும் இடையில் உள்ள எங்கள் கடையை உங்களில் பலருக்குத் தெரியும். ஒரே அறை, நடுவில் ஒரு பலகை மறைப்பு. இந்தப் பக்கம் நான், சாவி வெட்டுவது, பூட்டுத் திருத்துவது. அந்தப் பக்கம் அவன், கம்ப்யூட்டர் திருத்துவது. பன்னிரண்டு வருடம் அந்தப் பலகை வழியாகத்தான் எங்கள் கதை எல்லாம். யாராவது செத்த கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் இங்கிருந்து குரல் கொடுப்பேன்: "என்ன டொக்டர், நாடி இருக்கோ? இல்லாட்டி நான் செத்தவரைத் தூக்கிற சந்தூக்கு எடுத்து வரட்டோ?" வந்தவர்கள் சிரிப்பார்கள். அவன் சிரிக்க மாட்டான். தலையைக் குனிந்தபடி, "நானா, உங்கட பூட்டெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்காம், முதல் அதைப் பாருங்கோ" என்பான்.

அவனிடம் ஒரு பென் டிரைவ் இருந்தது. கறுப்பு நிறம், சின்ன விரல் அளவு. நான் கொடுத்த வளையத்தில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டிருப்பான். உள்ளே, வின்டோஸ்போல மெசினை ஓட்டும் லினக்ஸ் ஒன்றல்ல, ஏழு எட்டு வைத்திருந்தான். நோயாளிக் கம்ப்யூட்டரில் அதைச் செருகி உயிர் கொடுத்தால், கம்ப்யூட்டர் தன் சொந்த மூளையை விட்டுவிட்டு இந்தப் பென்னின் மூளையில் ஓடும். முதலில் ஒரு பட்டியல் வரும். பழைய மெசினுக்கு ஒன்று, புது மெசினுக்கு ஒன்று, அழிந்த படங்களைத் தேட ஒன்று, எல்லாம் பதிந்திருக்கும் ஹார்ட் டிஸ்க் தட்டுப் பழுதா என்று பார்க்க ஒன்று. எதற்கு எது பொருந்துமோ அதை விரலால் அமத்துவான். உள்ளே இருப்பதைத் தொடாமல் கதவை மட்டும் திறப்பான். "இது என்ட சாவிக் கொத்து நானா" என்று சொன்ன நாளில் இருந்துதான் எனக்கு அவன் தொழிலில் மரியாதை வந்தது. அதுவரை அவன் கம்ப்யூட்டருக்குத் தூசி தட்டுகிறான் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் தோப்பூரில் இருந்து ஒரு டீச்சர் அழுதுகொண்டு வந்தார். இறந்துபோன தகப்பனின் படங்கள் முழுவதும் திறக்காத ஒரு மெசினுக்குள். யோகன் அந்தப் பென்னைச் செருகினான். கால் மணித்தியாலத்தில் திரையில் ஒரு கிழவர் வேட்டியோடு நின்று சிரித்தார். டீச்சர் திரையைத் தொட்டுப் பார்த்தார். அப்போது யோகன் சொன்னதை நான் பலகைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். "உள்ளுக்கு இருக்கிறது ஒண்டும் சாகேல்ல டீச்சர். வாசல்தான் பூட்டிக் கிடந்தது." பிறகு எத்தனையோ பேருக்கு அவன் அதையே சொன்னான். அவன் முகத்தைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு அந்த வார்த்தைதான் வந்தது. அவனுக்கு மட்டும் அது பொய்த்துப்போனது எனக்கு ஆத்திரமாக இருந்தது.

எனக்கும் அவனுக்கும் ஒரேயொரு விஷயத்தில்தான் உண்மையான சண்டை. கம்ப்யூட்டரில் எது வந்தாலும் நான் ஓகேயை அமத்துவேன். அவன் சாப்பிடப் போகும் நேரம் அவன் மெசினில் பாட்டுக் கேட்பேன், படம் பார்ப்பேன். இடையில் ஆங்கிலத்தில் ஏதாவது பெட்டி வந்து மறித்தால், வாசிக்கத் தெரியாத எனக்கு ஓகே என்ற இரண்டு எழுத்து மட்டும் தெரியும். அமத்துவேன். அது போய்விடும். அவன் வந்து தலையில் கை வைப்பான். "முதல் வாசியுங்கோ நானா. பிறகு அமத்துங்கோ." எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதே என்பேன். "உங்களுக்கு எழுத்துத் தெரியும். பொறுமைதான் இல்ல. எழுத்துக் கூட்டி வாசிச்சா அது ஓடியா போகப் போகுது?" நான் அதற்கும் ஒரு பகிடி விடுவேன்.

போன வருடம் அவனுக்கு ஈரலில் ஏதோ கட்டி என்றார்கள். ஸ்கேன் எடுத்து, மருந்து கொடுத்து, பார்ப்போம் என்றார்கள். ஒரு வருடம் நன்றாகத்தான் இருந்தான். இந்த வருடம் மறுபடியும் நோவு. வெளியூர்ப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். புறப்படும் அன்று பென்னை வளையத்தோடு கழற்றி என் கையில் வைத்தான். ஆஸ்பத்திரியில் துலைந்தாலும் துலைந்துவிடும் என்றான். "கவனம் நானா" என்றான். "டொக்டர் வரும்வரை நானே ரெண்டு மூண்டு ஒப்பரேசன் செய்து பாக்கிறன்" என்றேன். மல்லிகா சிரித்தாள். அதுதான் அவள் கடைசியாகச் சிரித்து நான் பார்த்தது.

இனிச் சொல்லப்போவதை இந்த மலரில் எழுதவேண்டுமா என்று மல்லிகாவிடம் கேட்டேன். "எழுதுங்கோ" என்றாள்.

அவன் போய் நாலாம் நாள், என் மருமகளின் கலியாண வீடியோவைத் தேத்தண்ணிக் கடைக்காரருக்குக் காட்ட ஆசைப்பட்டேன். அவர் கடையில் பெரிய டீவி இருக்கிறது. அதில் செருக ஒரு பென் வேண்டும். என் மேசையின் இழுப்பறை லாச்சியில் யோகனின் பென் கிடந்தது. இவ்வளவு இடமுள்ள பென்னில் ஒரு மூலையில் என் வீடியோ இருந்தால் என்ன என்று எடுத்து அவன் கம்ப்யூட்டரில் செருகினேன்.

வாடிக்கையாளரின் மெசினில் இருந்து வைரஸ் ஏறக்கூடாது என்று யோகன் அந்தப் பென்னை வின்டோஸால் பார்க்கவே முடியாத விதமாகச் செய்து வைத்திருந்தான். லினக்ஸின் கண்ணுக்கு மட்டும்தான் அதற்குள் இருப்பது தெரியும். இது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்த நேரம் வின்டோஸுக்கு அது ஒன்றுமில்லாத பென். ஒரு பெட்டி வந்தது. ஆங்கிலம். அமத்தினேன். இன்னொன்று வந்தது. அதிலும் ஓகே இருந்தது. அமத்தினேன். சற்று நேரத்தில் வெறும் பென்னாகத் திறந்தது. என்னடா, டொக்டர் ஒன்றும் இல்லாத பென்னையா இடுப்பில் தொங்கவிட்டுத் திரிந்தான் என்று எனக்குள் சிரித்தேன். வீடியோவைப் போட்டேன். தேத்தண்ணிக் கடையில் எல்லாரும் பார்த்தார்கள்.

ஒன்பதாம் நாள், ஒரு புதன்கிழமை காலை, யோகன் ஆஸ்பத்திரியில் இருந்து எனக்குப் போன் எடுத்தான். குரல் மெலிந்திருந்தது. அங்குள்ள டொக்டர் போன வருட ஸ்கேனைக் கேட்கிறார். கட்டி அதே அளவில் நிற்கிறதென்றால் வெட்டி எடுக்கலாம். வளர்ந்திருந்தால் கதை வேறு. பழையதைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஸ்கேன் இருந்த சீடி கடல் காற்றுக்குப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அதற்கு முன்பே லப்டொப்பில் எடுத்து வைத்திருந்தான். லப்டொப்போ கட்டைபறிச்சான் வீட்டில், வின்டோஸ் திறக்காமல் மூன்று மாதமாகக் கிடக்கிறது. ஊரார் மெசினையெல்லாம் திருத்தியவனுக்குத் தன்னுடையதைத் திருத்த நேரம் வரவில்லை. வெள்ளி காலை கிளினிக். அதற்குள் வேண்டும்.

"சாவிக் கொத்தைச் செருகித் திறவுங்கோ நானா. தட்டைக் கழட்டி எடுக்க ஏலாது, உள்ளுக்கு மதர்போட்டோட ஒட்டின சாமான். வேற ஆளிட்டக் குடுத்திராதீங்கோ. முதல் வேலையா ஃபோர்மட் அடிச்சு, எல்லாத்தையும் அழிச்சுப் போட்டுப் புதுசாக்கித் தருவாங்கள்."

ஃபோர்மட். அந்தச் சொல்லை எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. எங்கே என்று அப்போது பிடிபடவில்லை.

வீட்டுச் சாவி மல்லிகாவிடம், ஆஸ்பத்திரியில். "சாவிக் கடைக்காரனுக்குச் சாவி வேணுமோ" என்று பெருமையடித்துக்கொண்டு போனேன். வாசல் பூட்டை இரண்டு நிமிடத்தில் திறந்தேன். லப்டொப்பை மேசையில் வைத்து, அவன் போனில் சொன்னபடி பென்னைச் செருகி, ஒரு பொத்தானை விடாமல் தட்டிக்கொண்டு உயிர் கொடுத்தேன். பட்டியல் வரவில்லை. நீலத் திரை வந்தது. திரும்பவும் செய்தேன். நீலம். ஆறு முறை செய்தேன்.

"பென்னை ஆராவது எடுத்து வேற மெசினில போட்டவையோ நானா?"

அப்போது விளங்கியது. இரண்டு பெட்டிகள், இரண்டு ஓகே. ஃபோர்மட் என்ற சொல்லை நான் பார்த்தது அந்தப் பெட்டிகளில்தான்.

"இல்ல" என்றேன்.

"அப்ப கடல் காத்துக்குப் பழுதாப் போச்சு போல" என்றான். "சரி. புதுசா ஒண்டு செய்வம். நீங்கள்தான் செய்யப் போறீங்கள்."

லப்டொப்பை மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைத்துத் திருகோணமலைக்குத் திரும்பினேன். கிண்ணியாவில் என் வீட்டைத் தாண்டித்தான் வரவேண்டும். நிற்கவில்லை. கடையில் அவன் கதிரையில் அமர்ந்தேன். பன்னிரண்டு வருடத்தில் வேலைக்காக அந்தக் கதிரையில் இருந்தது அன்றுதான். அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். முதலில் ஒரு சின்னக் கருவியை இறக்க வேண்டும். அதுதான் வெறும் பென்னைப் பட்டியல் காட்டும் பென்னாக மாற்றுவது. அதை ஒருமுறை செய்துவிட்டால், பிறகு எந்த லினக்ஸையும் ஒரே கோப்பாக அப்படியே அதற்குள் போட்டுவிடலாம். பட்டியலில் தானாகப் பேர் ஏறும். முதலில் வெற்றுச் சாவியைப் பூட்டுக்குள் போகும் அளவுக்குச் சீவுவது, பிறகு பல் வெட்டுவது. நான் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். அவனிடம் சொன்னேன். "சரியாச் சொன்னீங்கள்" என்றான். அந்த நிலையிலும் எனக்குச் சந்தோசமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

கருவியைத் திறந்து பென்னைத் தெரிவு செய்ததும் ஒரு பெட்டி வந்தது. ஓகே இருந்தது. என் விரல் எழும்பவில்லை.

"வாசியுங்கோ" என்றான்.

எழுத்துக் கூட்டினேன். ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடம் எடுத்தது. நான் கூட்டியதைக் கேட்டு அவன் அர்த்தம் சொன்னான்: உள்ளே இருப்பதெல்லாம் அழியும், சம்மதமா என்று கேட்கிறதாம்.

"உள்ளுக்கு ஏதும் இருக்கோ நானா? பாத்துச் சொல்லுங்கோ."

பார்த்தேன். பொய் சொல்லும் தைரியம் முடிந்துபோயிருந்தது. "மருமகள்ட கலியாண வீடியோ" என்றேன்.

ஆஸ்பத்திரியில் யாரோ வண்டில் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு அவன் சொன்னான்: "அதை முதல் மெசினில எடுத்து வையுங்கோ. அழிஞ்சிரும்."

அவ்வளவுதான் சொன்னான். நான் வீடியோவை மாற்றி வைத்தேன். கண் மறைத்தது.

அந்தக் கருவி இரண்டாம் முறையும் கேட்டது. இரண்டாம் முறையும் வாசித்தேன். "இப்ப அமத்தலாம்" என்றான். பிறகு லினக்ஸ் கோப்பு இறங்க வேண்டும். பெரியதற்கு எங்கள் இணைப்பு போதாது என்று மிகச் சின்ன ஒன்றைச் சொன்னான். புதன் முழுவதும் இறங்கி, பாதியில் அறுந்து, வியாழன் காலையில் மறுபடியும் தொடக்கத்தில் இருந்து இறங்கியது. பச்சைக் கோடு நகர்வதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தொழுகைக்குப் போய் நின்றாலும் அந்தக் கோடுதான் கண்ணில். சாவி வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன்.

மத்தியானம் கோப்பு முழுதாக இறங்கியது. பென்னுக்குள் போட்டேன். கோடு முடிந்ததும் பிடுங்கி லப்டொப்பில் செருகினேன். பட்டியல் வந்தது. ஒரே ஒரு பேர் இருந்தது. அமத்தினேன். கறுப்புத் திரையில் நாலு வரி ஓடி அப்படியே நின்றுவிட்டது. அந்த நேரம் யோகனை ஏதோ சோதனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். போனை எடுக்க ஆளில்லை. கடைக் கதவைச் சாத்திவிட்டு நிலத்தில் இருந்தேன். ஒரு மனிதனின் உயிரை நான் ஒரு கலியாண வீடியோவுக்குக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. இதைச் சொல்ல எனக்கு வேறு விதம் தெரியவில்லை.

பின்னேரம் போல மல்லிகா போனை அவன் காதில் பிடித்தாள். "கோடு முடிஞ்சோடனே பிடுங்கினீங்களோ?" என்று கேட்டான். ஓம் என்றேன். "அது முடிஞ்ச மாதிரித்தான் காட்டும். உள்ளுக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கும். கழட்டப் போறன் எண்டு முதல் சொல்லோணும். அது சரி எண்டு சொன்ன பிறகு கழட்டோணும். நீங்கள் சொல்லாமல் கழட்டிற்றீங்கள்." திட்டவில்லை. பன்னிரண்டு வருடமும் அவன் என்னைப் பகிடிக்குக்கூடத் திட்டியதில்லை. பழுதான மெசினைத் திட்டினால் அது பயத்தில் திறக்காது என்பான். என்னையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தான் போல.

மறுபடியும் போட்டேன். கழற்றப் போகிறேன் என்று கேட்டேன். பொறு என்றது. பொறுத்தேன். சரி என்றது. வாசித்துவிட்டுக் கழற்றினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது, லப்டொப்பில் சார்ஜும் இல்லை.

வெள்ளி விடிந்து கடை திறந்த கையோடு லப்டொப்பில் செருகினேன். பட்டியல் வந்தது. வரிகள் ஓடின. நிற்கவில்லை. நீல நிறத்தில் ஒரு சின்ன மேசை திறந்தது. அதில் லப்டொப்பின் தட்டு ஒரு பெட்டிபோல் தெரிந்தது. அவன் சொன்ன இடத்தில், அவன் சொன்ன பேரில், அந்தப் படங்கள் இருந்தன. எனக்கு ஒன்றும் விளங்காத கறுப்பு வெள்ளைப் படங்கள். அவன் உள்ளே இருந்தான். எல்லாவற்றையும் எடுத்து போனில் அனுப்பினேன். கிளினிக்குக்கு அரை மணித்தியாலம் இருந்தது. "கிடைச்சிற்று" என்று மல்லிகா சொன்னாள். நான் வீதிக்கு ஓடி, தேத்தண்ணிக் கடைக்காரரைக் கட்டிப் பிடித்தேன். அவருக்கு ஏன் என்றே தெரியாது.

பத்தரை மணிக்கு மல்லிகா மறுபடியும் போன் எடுத்தாள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களாம். கட்டி மூன்று மடங்கு வளர்ந்திருக்கிறது. வெட்டிப் பயனில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் முந்தி அனுப்பியிருந்தால் ஏதும் மாறியிருக்குமா என்று மல்லிகாவை டொக்டரிடம் கேட்கச் சொன்னேன். இல்லை என்றாராம். அதை நான் நம்புகிறேன். சில நாட்களில் நம்புவது கஷ்டமாக இருக்கிறது. இரண்டு நாள் பாடுபட்டு நான் திறந்து கொடுத்த கதவுக்குப் பின்னால் அந்தச் செய்திதான் இருந்தது.

ஊருக்கு வந்து ஒரு வாரத்தில், ஒருநாள் கடையைப் பார்க்க வேண்டும் என்று மல்லிகாவோடு ஓட்டோவில் வந்தான். கதிரையில் சாய்த்து இருத்தினோம். மல்லிகா மருந்து வாங்கப் போனாள். நான் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் சொல்ல முடிந்தது. "டொக்டர், நான் ஒண்டு சொல்லோணும்."

"கலியாண வீடியோவைப் பற்றியோ?"

ஓம் என்றேன்.

"என்ட மெசினில கிடந்ததை இப்பதான் ஓட்டிப் பாத்தனான் நானா. பொம்பிளை நல்ல வடிவு. கடைசியில நீங்கள் ஆடின ஆட்டத்தை மட்டும் வெட்டியிருக்கலாம்."

சிரித்தான். சிரிப்பு இருமலாகியது. நான் பலகையில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். அவன் அழ விட்டான். பிறகு பென்னைத் தாங்கோ என்று கை நீட்டினான். தன் மெசினில் செருகி ஏதோ செய்தான். நேரம் எடுத்துச் செய்தான். கழற்றப் போகிறேன் என்று மெசினிடம் கேட்டு, அது சரி என்ற பிறகு கழற்றி, வளையத்தில் கோத்து என்னிடம் தந்தான். "இது நீங்கள் செய்த கொத்து. உங்களிட்டையே இருக்கட்டும்."

அவன் இறந்து எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவு முடிந்த மறுநாள் கடையைத் திறந்தேன். அவன் பக்கத்தில் தூசி தட்டினேன். பிறகு பென்னைச் செருகி அவன் மெசினுக்கு உயிர் கொடுத்தேன். பட்டியல் வந்தது. நான் போட்ட சின்ன லினக்ஸ் முதல் வரியில். அதற்குக் கீழே, வீட்டில் இருந்த நாட்களில் தன் போனில் இறக்கிக்கொண்டு வந்து அவன் போட்டு வைத்த நாலைந்து. கடைசியில் ஒரு வரி. ஆங்கில எழுத்து, ஆனால் ஆங்கிலம் இல்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன்.

"நானா முதல் வாசியுங்கோ."

அதை நான் அமத்தவில்லை. அதற்குள் ஏதாவது இருக்கிறதா, வெறும் பேர்தானா என்று எனக்குத் தெரியாது. வாசித்தேன். அவன் கேட்டது அவ்வளவுதான்.

யோகனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். போனில் ஏதாவது பெட்டி வந்தாலும், ஆஸ்பத்திரியில் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாலும், வங்கியில் கையெழுத்துக் கேட்டாலும், இப்போது நான் விரலை எடுத்துவிட்டு எழுத்துக் கூட்டுகிறேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். "பெரியவர், கெதியா அமத்துங்கோ" என்பார்கள். வாசித்து முடியும்வரை அவர்கள் நிற்கட்டும்.